தொட்டிக்கு ஒரு 'செட்' சேருங்க பாஸ்!

பூலாம்பாடி வீட்டு ஹால்ல செடி வெச்ச மீன் தொட்டி ஐடியாவா? வெயிட்! சென்னை கொளத்தூர் கடைகளுக்குப் போனா கலர் கலரா கண்ணைப் பறிக்கும். 'எல்லாத்துலயும் ஒண்ணு குடுங்க'ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. கூட்டமா நீந்துற மீனைத் தனியா விட்டா, ஹாஸ்டல்ல முதல் நாள் ஃபர்ஸ்ட் இயர் பையன் மாதிரி மூலையில பதுங்கும். ஒரே இனத்துல குறைஞ்சது ஆறு வேணும்.

நியான் டெட்ரா அமேசான் பார்ட்டி. உப்பு குறைஞ்ச தண்ணிதான் பிடிக்கும். உங்க போர் தண்ணியில உப்பு ஜாஸ்தியா? ஜீப்ரா டேனியோவை வாங்குங்க. நம்ம நாட்டு ஓடை மீன், 4 செ.மீ.தான், நல்லா தாக்குப்பிடிக்கும். செர்ரி பார்ப் இலங்கைக்காரர், 5 செ.மீ., சாது, செடி நிழல்னா உயிர்.

'மிஸ் கேரளா'வைப் பார்த்தா ஜொள்ளு நிச்சயம். ஆனா 10 செ.மீ. தாண்டி வளரும், ரெண்டடி தொட்டி பத்தாது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகள்ல மட்டுமே இருக்கிற இனம் அது. தொட்டிகளுக்காகப் பிடிச்சுப் பிடிச்சே அழியும் ஆபத்துக்கு வந்திருக்கு. ஆத்துல பிடிச்சதா, பண்ணையில பிறந்ததான்னு கேளுங்க. பதில் வரலையா? பர்ஸை மூடிட்டு டேனியோ பக்கம் திரும்புங்க!