பொருள்களின் கதை – 9: கட்டாயப் பாடம் பெற்றெடுத்த சங்கம்

1960-இல் பிரிட்டனில் ஓர் அரசு அறிக்கை வெளிவந்தது. ஓவியர் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம் தலைமையிலான குழு எழுதியது. கலைக் கல்லூரிகள் தரும் டிப்ளமோவைப் பட்டப்படிப்புக்கு ஈடாக உயர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். சும்மா உயர்த்தினால் பல்கலைக்கழகங்கள் மதிக்குமா? ஆகவே ஒரு நிபந்தனை: கலை வரலாறும் அதைச் சார்ந்த பொதுப்பாடங்களும் கட்டாயம், படிப்பு நேரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அவற்றுக்கு. பதினேழு ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஓர் ஆய்வுச் சங்கத்துக்கு விதை போட்டது இந்த 15 சதவீதம்தான். குழுவில் யாரும் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பாடம் வந்துவிட்டது, நடத்துவதற்கு ஆள் வேண்டுமே! கலை வரலாறு படித்தவர்கள் வந்தார்கள். அவர்கள் கற்றது மறுமலர்ச்சிக்கால ஓவியம், தேவாலயக் கட்டடம், சிற்பம். எதிரே உட்கார்ந்திருந்தவர்களோ துணியில் அச்சிடுபவர்கள், பீங்கான் வனைபவர்கள், நாற்காலி செய்பவர்கள். விரலிடுக்கில் களிமண் காயாத மாணவருக்கு ரஃபேலின் மடோனாவைத் திரையில் காட்டினால் கொட்டாவிதான் வரும். அவர் வனையும் தேநீர்க் குடுவைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லித்தரப் புத்தகம்தான் அதிகமில்லை.

முற்றிலும் இல்லையென்று சொல்லிவிடவும் முடியாது. ஜெர்மனியிலிருந்து 1933-இல் இங்கிலாந்து வந்த நிக்கோலஸ் பெவ்ஸ்னர், 1936-லேயே வில்லியம் மாரிஸ் தொடங்கி வால்டர் குரோப்பியஸ் வரை நவீன வடிவமைப்பின் கதையை ஒரு நூலாக எழுதியிருந்தார். அதில் வரிசையாக மேதைகள் வருவார்கள். ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நவீனத்தை எட்டுவார்கள். அவரிடமே முனைவர் பட்ட ஆய்வு செய்த ரெய்னர் பான்ஹம், 1960-இல் குருவின் கணக்கைத் திருத்தி ஒரு நூல் வெளியிட்டார். அதோடு நிற்கவில்லை. அமெரிக்கக் கார்களின் பளபளப்பைப் பற்றியும் கலை விமர்சகரின் அக்கறையோடு எழுதினார். குருவை மிஞ்சிய சீடர் என்பதைவிட, குரு எட்டிப் பார்க்காத தெருவுக்குள் நுழைந்த சீடர் என்பதே பொருத்தம்.

அந்தத் தெருவில் என்ன கிடைக்கும் என்பதற்கு வடக்கு லண்டனின் ஹார்ன்சி கலைக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த ஒரு சேகரிப்பே சாட்சி. ஆர்தர் சில்வர் 1880-இல் தொடங்கிய ‘சில்வர் ஸ்டூடியோ’, சுவர்த்தாளுக்கும் திரைச்சீலைக்கும் கோலம் வரைந்து விற்ற வணிகக்கூடம். லிபர்ட்டி கடையின் புகழ்பெற்ற மயிலிறகுத் துணி அங்கே வரையப்பட்டதுதான். வாங்கியவருக்குக் கடையின் பெயர் தெரியும்; வரைந்தவரின் பெயர் தெரியாது. 1963-இல் கூடம் மூடப்பட்டது. நான்கு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வரைபடங்களும் துணி மாதிரிகளும் கணக்கேடுகளும் கல்லூரிக்கு வந்தன. எந்தக் கோலம் எந்த நிறுவனத்துக்குப் போனது என்று தேட இப்போது ஆதாரம் இருந்தது. மேதைகளின் வரிசையில் இந்தக் கணக்கேடுகளை எங்கே வைப்பது? பெவ்ஸ்னரின் நூலில் அதற்கு இடமில்லை.

அடுத்த ஆண்டே, 1968 மே மாதத்தில், அதே கல்லூரியைக் கைப்பற்றி உள்ளே உட்கார்ந்துகொண்ட மாணவர்கள் பாடத்திட்டத்தையே கேள்வி கேட்டார்கள். பின்னர் அந்தக் கல்லூரி மிடில்செக்ஸ் பாலிடெக்னிக்கில் சேர்ந்தது. (பாலிடெக்னிக் என்றதும் நம் ஊர் டிப்ளமோ கல்லூரி நினைவுக்கு வரும். அங்கே அவை பட்டப்படிப்பே நடத்தின.) 1975-இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1890 முதல் 1939 வரையிலான கட்டட, வடிவமைப்பு வரலாற்றைப் பாடமாக்கி, பிபிசி தொலைக்காட்சியில் 24 நிகழ்ச்சிகளாகவும் ஒளிபரப்பியது. பாடம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது.

அதே 1975-இல் நியூகாசில் பாலிடெக்னிக்கில் ஆசிரியர்கள் கூடி, இருபதாம் நூற்றாண்டு வடிவமைப்பையும் வெகுமக்கள் பண்பாட்டையும் பற்றி மாநாடு நடத்தினார்கள். மறு ஆண்டு மிடில்செக்ஸில் இரண்டாவது மாநாடு; அதன் கருப்பொருள் ஓய்வுநேரம். அங்கே வாசித்த 14 கட்டுரைகளை டிசைன் கவுன்சில் நூலாக்கியது. கேளிக்கையும் பொழுதுபோக்கும் ஆராயத் தகுந்தவையா என்று மூக்கைச் சுளிக்கும் பேராசிரியர்கள் இருந்த காலத்தில் இது துணிச்சல்தான்.

மூன்றாவது மாநாடு 1977-இல் பிரைட்டனில். அதன் தலைப்பே தங்களைத் தாங்களே சீண்டிக்கொண்டது: வடிவமைப்பு வரலாறு வெறும் மோகமா, பயனுள்ள வேலையா? விடையோடு கூடவே அமைப்பும் பிறந்தது. வடிவமைப்பு வரலாற்றுச் சங்கம் அந்த ஆண்டில் உருவானது. கலை வரலாற்றாளர்களுக்கு 1974 முதலே சங்கம் இருந்தும் தனிக்குடித்தனம் போனதற்குக் காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. சுவரில் மாட்டும் படத்தையும், தினமும் உட்காரும் நாற்காலியையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது.

பெரிய நிறுவனங்கள் அதன் பிறகே வந்தன. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் ராயல் கலைக் கல்லூரியும் சேர்ந்து 1982-இல் வடிவமைப்பு வரலாற்றில் முதுகலைப் படிப்பு தொடங்கின. சங்கத்தின் ஆய்விதழை ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1988-இல் வெளியிடத் தொடங்கியது. வகுப்பறையில் தொடங்கி அச்சகம் போய்ச் சேர 28 ஆண்டுகள்.

ஆனால் இந்த வரலாற்றிலும் பெண்கள் எங்கே என்று செரில் பக்லி 1986-இல் ஒரு கட்டுரை எழுதினார். அது வெளியானது அமெரிக்க இதழ் ஒன்றில். அந்தக் கட்டுரையை அடுத்த வாரம் பார்ப்போம்.