பிரடொக் நூலகம்: கொடையும் உழைப்பும்

பொதுநூலகத்தைக் கொடையாளி ஒருவரின் பெருந்தன்மைக்குச் சான்றாக நோக்கும் மரபு நம்மிடையே வேரூன்றியுள்ளது. முகப்பிற் பொறிக்கப்பட்ட பெயரை வாசிக்கும் நாம், அக்கட்டடத்தை எழுப்பிய செல்வம் எவருடைய உழைப்பிலே பிறந்தது என வினவுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிரடொக் என்னும் சிறு நகரின் நூலகம் இவ்வினாவை எழுப்புவதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பிற்ஸ்பேர்க் நகருக்கு அண்மையில், மொனொங்கஹீலா ஆற்றங்கரையில், அன்ட்ரூ கார்னெகியின் எட்கார் தொம்சன் உருக்காலை 1875இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கு நடைமுறையிலிருந்த எட்டு மணிநேர வேலைமுறை, தொழிலாளரின் எதிர்ப்பு முறியடிக்கப்பட்டு, 1888இல் ஒழிக்கப்பட்டது. பன்னிரண்டு மணிநேர வேலை மீண்டும் புகுத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, அமெரிக்காவிற் கார்னெகி அமைத்த முதல் நூலகம் பிரடொக்கில் திறக்கப்பட்டது. மிகைச்செல்வத்தைச் சிறுசிறு தொகைகளாக மக்களிடையே பகிர்வதிலும், செல்வரே பொதுநலனுக்கென நிர்வகித்தல் மேலானது என அவர் வாதிட்ட கட்டுரை வெளிவந்ததும் அதே 1889இலேயாம். கூலியாகக் கொடுபடாதது கொடையாகத் திரும்பி வந்தது எனலாம்.

கட்டட அமைப்பும் இவ்வுறவைப் புலப்படுத்துகின்றது. வில்லியம் ஹோல்சி வுட் வடிவமைத்த கல்முகப்பு இடைக்கால ஐரோப்பியக் கோட்டையை நினைவூட்டுவது. நிலக்கீழ்த் தளத்திலே குளிப்பறைகள் அமைந்தன. ஆலைக்கரி படிந்த உடலைக் கழுவிய பின்னரே தொழிலாளி நூல்களை அணுகலாம் என்பது அவ்வமைப்பின் உட்கிடை. முதற்றளத்தில் பில்லியார்ட்ஸ் மேசைகள் இருந்தன. 1892இல் அதே ஆற்றின் மறுகரையிலுள்ள ஹோம்ஸ்ரெட் ஆலையிற் போராட்டம் இரத்தத்தில் ஒடுக்கப்பட்டது. 1893இல், லோங்ஃபெலோ, ஆல்டன், ஹார்லோ ஆகியோரின் வடிவமைப்பில் பிரடொக் நூலகம் விரிவாக்கப்பட்டு, இசையரங்கு, நீச்சற்குளம், உடற்பயிற்சிக்கூடம் ஆகியனவும் இணைந்தன. இடம் தாராளமாக வழங்கப்பட்டது. அதனைத் துய்ப்பதற்கான நேரம் மட்டும் ஆலைக்குள்ளேயே பறிக்கப்பட்டது. பன்னிரண்டு மணிநேரம் உலைமுன் நின்றவனுக்கு வாசிப்புக்கென எஞ்சியது யாது?

எனினும், நூலகத்தை முதலாளித்துவத்தின் சூழ்ச்சியென ஒதுக்குதல் இயந்திரப் பாங்கான முடிவாகும். தொழிலாளரின் குழந்தைகள் அங்கு வாசிக்கக் கற்றனர். ஊரவர் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். உருக்குத்தொழில் நலிவுற, 1920இல் இருபதினாயிரத்தைத் தாண்டியிருந்த பிரடொக்கின் மக்கட்டொகை, 2020இல் ஈராயிரத்துக்கும் கீழே வீழ்ந்தது. 1974இல் மூடப்பட்ட நூலகத்தை இடிபடாமற் காத்து, 1983இல் மீண்டும் திறப்பித்தோர் அதன் இறுதி நூலகரும் ஊர்மக்களுமே. மூலதனம் கைவிட்டுச் சென்ற கட்டடத்தை மக்களே பேணினர்.

ஆகவே, ஒரு நூலகம் கட்டி முடிக்கப்படும் நாளிலே பொதுநூலகமாகி விடுவதில்லை. மக்கள் அதனைத் தமதென உரிமைகோரிக் காக்கும்போதே அது பொதுவாகின்றது. நூலக வரலாறு எழுதுவோர், கொடையாளியின் பெயரோடு வேலைநேர வரலாற்றையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.