மாலையில் கிழக்கே பாருங்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், எல்லோரும் சில்வர் பீச் என்று சொல்கிற கடற்கரையில், வெயில் தாழ்ந்த பிறகுதான் கூட்டம் சேரும். அந்நேரம் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், ஊர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். "இங்கே உதயம்தான் அழகு, அஸ்தமனம் பார்க்க மேற்குக் கடற்கரைக்குத்தான் போகணும்" என்று குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு நல்ல சேதி: மாலை வானத்தின் நுட்பமான காட்சிகள் பலவும் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் நடக்கின்றன. வங்கக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் தலையைக்கூடத் திருப்ப வேண்டியதில்லை.

சூரியனிலிருந்து உங்கள் தலை வழியாக ஒரு நேர்கோடு இழுங்கள். அது மறுபக்கம் நீண்டு போகும் திசைக்கு 'எதிர்ச்சூரியப் புள்ளி' என்று பெயர். மணலில் விழும் உங்கள் தலைநிழல் எப்போதும் அந்தத் திசையில்தான் இருக்கும். நண்பகலில் அந்தப் புள்ளி காலுக்குக் கீழே, பூமிக்குள். சூரியன் தாழத் தாழ அது கடல் பக்கமாக ஏறி வரும். சூரியன் மேற்கு அடிவானத்தைத் தொடும்போது இது கிழக்கு அடிவானத்தைத் தொடும்.

ஆவணி, புரட்டாசி மாலைகளில் உள்மாவட்டங்களில் திரளும் இடிமழை சில நாள் கடலூரைக் கடந்து கடலுக்குள் போகும். மேற்கே வெயில் எட்டிப் பார்த்தால், கடல்மேல் வானவில். எந்த வானவில்லும் எதிர்ச்சூரியப் புள்ளியை மையமாகக் கொண்டு, சுமார் 42 டிகிரி ஆரத்தில் வரைந்த வட்டத்தின் ஒரு துண்டுதான். சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் அந்த வட்டம் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். உச்சிவெயிலில் மழை பெய்தாலும் வானவில் தெரியாமல் போவது இதனால்தான். சூரியன் மறையும் நேரத்திலோ மையம் சரியாக அடிவானத்தில் நிற்கும். வில் முழு அரைவட்டமாக, 84 டிகிரி அகலத்துக்கு விரியும். செல்போனின் வழக்கமான கேமரா படுக்கைவாக்கில் பிடித்தாலும் ஏறக்குறைய 70 டிகிரிதான் பார்க்கும்; ஒரு கால் வெட்டுப்பட்டுப் போகும். 0.5 என்று குறித்திருக்கும் அகல லென்ஸுக்கு மாற்றினால் இரு கால்களும் கடலில் ஊன்றிய வில் அடங்கிவிடும்.

மழையில்லாத நாளிலும் மேற்கே மேகங்கள் தூணாக எழுந்து நின்றால் வேறொரு காட்சி உண்டு. அவற்றின் நிழல் நம் தலைக்கு மேலே வானம் முழுக்க நீண்டு, கிழக்கே கடல்மேல் ஒரே இடத்தில் குவியும். இவற்றை எதிர்க்கதிர்கள் எனலாம். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் இந்தக் கதிர்களும் நிழல்களும் உண்மையில் இணையாகவே ஓடுகின்றன. தூரம் கூடக்கூட இடைவெளி குறுகித் தெரிவதால் கண்ணுக்குக் குவிகின்றன. குவியும் இடம்? அதே எதிர்ச்சூரியப் புள்ளி.

எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது மேகமே இல்லாத நாளில் நடப்பது. சூரியன் மறைந்து சில நிமிடங்களில், கடலும் வானமும் சேரும் இடத்தில் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழும். கடல்மூட்டம் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது பூமியின் நிழல்! நாம் நிற்கும் இந்த உருண்டை விண்வெளிக்குள் வீசும் நிழல், காற்றுமண்டலத்தில் விழுந்து கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு மேலே இளஞ்சிவப்பில் ஒரு பட்டை. மேலைநாட்டார் இதை வீனஸ் தேவதையின் இடையணி என்கிறார்கள். நாம் வீனஸ் மேகலை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? அடிவானத்துச் சூரியனின் ஒளி, உச்சியிலிருந்து வரும்போது கடப்பதைப்போல் ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. காற்றின் மூலக்கூறுகள் நீலத்தைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கும். 1871-இல் லார்டு ராலே போட்ட கணக்கு இது. வழியெல்லாம் நீலத்தை இழந்த ஒளி நம் தலைக்கு மேலே கடந்துபோய், கிழக்கு வானத்துக் காற்றில் பட்டு நம்மிடம் திரும்புகிறது. அங்கே மிச்சமிருக்கும் நீலத்தோடு கலந்து இளஞ்சிவப்பாகிறது. ஒருமுறை சிதறிய ஒளி மறுபடி மறுபடி சிதறினால் வானம் எங்கே எவ்வளவு ஒளிரும் என்பது கடினமான கணக்கு. அதைத் தீர்த்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் நம் சுப்ரமணியன் சந்திரசேகர். 1950-இல் வெளியான 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்' நூலில் அது இருக்கிறது.

காற்றில் என்ன மிதக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் அடியோடு மாறும். 1883 ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாக உதித்துப் பச்சையாக மறைந்தது. சென்னை கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அந்த ஒளியை நிறமாலைமானி வைத்துப் பிரித்து ஆராய்ந்தார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநரானவர் இவர்தான். எரிமலைத் துகள்கள் அளவில் ஒன்றுபோல் இருந்ததால், வழக்கத்துக்கு மாறாகச் சிவப்பை அதிகம் தடுத்துவிட்டன.

மேகலை அதிக நேரம் நிற்காது. கடலூரின் அட்சரேகை 11.75 டிகிரி என்பதால் சூரியன் இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும்; ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம்தான். அதே வேகத்தில், போகப்போக அதைவிட வேகமாக, நிழல் மேலே ஏறும். இருபது நிமிடத்துக்குள் இரண்டும் இருட்டில் கரைந்துவிடும். படமெடுப்பவர் இங்கே கேமராவின் புத்திசாலித்தனத்தைக் கொஞ்சம் அடக்கிவைக்க வேண்டும். தானியங்கி 'ஒயிட் பேலன்ஸ்' அந்த மெல்லிய சிவப்பைப் பிழை என்று எடுத்துக்கொண்டு வெளுத்துவிடும். 'புரோ' முறைக்குப் போய் அதைப் பகல்வெளிச்சத்தில், சுமார் 5500 கெல்வினில், நிறுத்துங்கள். வடகிழக்குப் பருவமழை காற்றைக் கழுவிவிட்டுப் போன தை, மாசி மாதங்கள் இதற்கு அருமையானவை. விடியலில் எல்லாம் தலைகீழ்: உதயத்தைப் படமெடுக்கும் கூட்டத்துக்குப் பின்னால், மேற்கே, அதே நிழல் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

பௌர்ணமி என்பதே நிலா எதிர்ச்சூரியப் புள்ளிக்கு அருகில் வந்துவிட்டது என்பதுதான். அதனால்தான் முழுநிலா சூரியன் மறையும்போது கடலிலிருந்து எழுகிறது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்துக்குத் தீர்த்தவாரிக்காகச் சாமிகள் வரும். சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி வருவார். அந்த மாலை மகம் நட்சத்திரத்தோடு நிலா எழும். அடிவானத்தில் காற்று ஒளியை வளைத்து, சுமார் 34 கலை அளவுக்குத் தூக்கிக் காட்டும் (60 கலை ஒரு டிகிரி). நிலாவின் விட்டமோ 31 கலை. அப்படியானால், கடலைத் தொட்டுக்கொண்டு முழுதாக நிற்பதாக நாம் காணும் நிலா உண்மையில் இன்னும் கடலுக்குக் கீழேதான் இருக்கிறது!

பிரம்மாண்டமாகத் தெரியும் அந்த நிலா படத்தில் பொட்டாகச் சுருங்குவதற்கும் காரணம் உண்டு. செல்போன் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் ஆறேழு மில்லிமீட்டர்தான்; உள்ளே விழும் நிலாவின் பிம்பம் ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. தொலைவுக்கான 'டெலி' லென்ஸ் இருந்தால் எடுங்கள். பௌர்ணமிக்கு முதல் நாள் போவது இன்னும் நல்லது. அன்று நிலா முக்கால் மணி நேரம் முன்னதாகவே எழுந்து, வானம் வெளிச்சமாக இருக்கும்போதே மேகலைக்குள் வந்து நிற்கும்.

கடல்மேல் தெரியும் நிழல் அங்கேயே முடிவதில்லை. கூம்பாகக் குறுகி ஏறக்குறைய 14 லட்சம் கிலோமீட்டர் நீள்கிறது. நிலா இருப்பது 3.84 லட்சம் கிலோமீட்டரில். அதன் பாதை ஐந்து டிகிரி சாய்ந்திருப்பதால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிவிடும், சிக்கினால் கிரகணம். 2026 மார்ச் 3-ஆம் தேதிக் கிரகணத்தில் பகுதி நிலை இந்திய நேரம் மாலை 6.47 வரை நீள்கிறது. கடலூரில் நிலா உதிப்பது அதற்கு முன்பே. ஒரே நிழல் காற்றிலும் நிலாவிலும் சேர்ந்து விழும் மாலை அது.

மார்கழியில் சூரியனுக்கு எதிரே வருவது திருவாதிரை. அம்மாத முழுநிலா அதையொட்டி வரும்போது சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். அந்த நட்சத்திரத்தின் சிவப்பு காற்றால் வந்ததல்ல. அதன் மேற்பரப்பு சுமார் 3500 கெல்வின்தான், சூரியனைவிடக் குளிர்ந்தது. 2019-இன் கடைசியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. வெடிக்கப்போகிறதோ என்றுகூடப் பேசினார்கள். அது தானே கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்திருக்கிறது. ஏப்ரலுக்குள் ஒளி திரும்பிவிட்டது. அந்தத் தூசி உண்மையில் கிளம்பியது 500 ஆண்டுகளுக்கும் முன்பு; சேதி வந்து சேர இத்தனை காலம். மார்கழி மாலையில் மேகலை மங்கிய பிறகு கொஞ்சம் பொறுத்திருந்தால், கிழக்கே கடலுக்குச் சற்று மேலே அதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.