துணிச் சிறகுகளைக் காப்போம்!

விமானம் என்றதும் பளபளக்கும் உலோக உடலும் காதைத் துளைக்கும் ஜெட் இரைச்சலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வான்பயணத்தின் தொடக்க காலத்தில் மனிதனைச் சுமந்து பறந்தவை பெரும்பாலும் துணி போர்த்திய சிறகுகளே. மரச்சட்டம் அல்லது எஃகுக் குழாயாலான எலும்புக்கூடு, அதன்மேல் இழுத்துப் போர்த்தித் தைக்கப்பட்ட துணி, அத்துணியின்மேல் சில பூச்சுகள். அன்றைய விமானம் அவ்வளவுதான்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாக மும்பைக்கு அஞ்சல் பைகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த அஞ்சலைச் சுமந்தது 'புஸ் மாத்' என்னும் சிறிய, துணி போர்த்திய விமானம். அதற்கும் முன்பு, 1910-இல் சென்னையில் உணவு விடுதி நடத்திவந்த ஜியாகோமோ தாஞ்சலிஸ், தாமே வடிவமைத்த விமானத்தைக் குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்ப்சன் நிறுவனத்தில் கட்டச் செய்து பறந்து காட்டினார். வண்டி கட்டும் தச்சர்களும் துணி தைப்போரும் சேர்ந்தால் ஒரு விமானம் உருவாகிவிடும் என்ற காலம் அது.

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரம் என் ஊர். பெண்கள் அணியும் நைட்டிகளைத் தைத்து வெளியூர்களுக்கு அனுப்பும் தொழிலால் வாழும் ஊர் இது. பக்கத்தில் ராஜபாளையத்தின் நூற்பாலைகள். சற்றுத் தொலைவில் மருத்துவக் கட்டுத்துணிக்குப் பெயர்பெற்ற சத்திரப்பட்டி. ஆலை ஒன்றின் துணிச் சோதனைக் கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், பழைய சிறுவிமானங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு வியப்பே மேலிட்டது. விமானப் பராமரிப்பு நூல்களில் இருந்த பாதிச் செய்திகள் எங்கள் தொழிலின் செய்திகள்.

முதல் உலகப் போர்க்காலம் வரை விமானச் சிறகுகளுக்கு ஆளிச் செடியின் நாரிலிருந்து நெய்த லினன் துணியே சிறந்ததாகக் கருதப்பட்டது. போரால் ஆளி நார் வரத்துத் தடைபட்டபோது, மெர்சரைஸ் செய்த பருத்தித் துணி அதற்கு மாற்றாக வந்தது. 'கிரேடு ஏ' எனப்படும் அத்துணியில் ஓர் அங்குலத்துக்கு 80 முதல் 84 இழைகள் இருக்க வேண்டும். ஓர் அங்குல அகலப் பட்டையை இழுத்தால் 80 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36 கிலோ விசை வரை அது அறுபடக் கூடாது. வெயிலிலும் ஈரத்திலும் நைந்து அந்த வலிமை 56 பவுண்டுக்குக் கீழே இறங்கினால், அச்சிறகு பறக்கத் தகுதியற்றது. பழைய துணியை முற்றிலும் உரித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போர்த்தியாக வேண்டும்.

போர்த்துவதும் எளிய வேலையன்று. நீண்ட ஊசியில் மெழுகிட்ட நூலைக் கோத்து, சிறகின் மேற்புறத்திலிருந்து கீழ்ப்புறத்துக்கும் மீண்டும் மேலுக்குமாக, ஒவ்வொரு விலாச் சட்டத்தையும் சுற்றித் துணியைப் பிணைக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு உண்டு. ஒன்று அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். விமானத்தின் வேகம் கூடக்கூடத் தையல்களின் இடைவெளி குறைய வேண்டும். தையலின்மேல், ஓரம் பிரியாதிருக்க நெளிநெளியாக வெட்டிய துணிப் பட்டையை ஒட்ட வேண்டும். எங்கள் ஊர்த் தையற்கூடங்களில் உள்ள 'ஜிக்ஜாக்' கத்தரியின் வேலைதான் இது.

பின்னர் 'டோப்' எனப்படும் பூச்சைப் பல முறை பூச வேண்டும். பருத்தியின் செல்லுலோசிலிருந்து செய்யப்படும் இப்பூச்சு, உலரும்போது துணியைப் பறைத்தோல் போல விறைக்கச் செய்கிறது; காற்றும் நீரும் புகாமல் தடுக்கிறது. அதில் கலக்கும் அலுமினியத் தூள் வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து இழைகளைக் காக்கிறது. இன்று பருத்தியின் இடத்தைப் பெரும்பாலும் பாலியெஸ்டர் பிடித்துக்கொண்டது. அதை விறைக்கச் செய்வது சூடான இஸ்திரிப் பெட்டி! ஏறத்தாழ 120 முதல் 175 டிகிரி செல்சியஸ் வரை படிப்படியாகச் சூட்டைக் கூட்டித் தேய்த்தால் துணி சுருங்கிச் சட்டத்தோடு இறுகிவிடுகிறது.

இத்தகைய விமானத்தை நாமும் செய்திருக்கிறோம். பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'புஷ்பக்', 1958 செப்டம்பர் 28 அன்று முதன்முதலாகப் பறந்தது. இருவர் அமரும் சிறுவிமானம். 90 குதிரைத்திறன் எந்திரம். உலோகக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணிப் போர்வை. ஏறத்தாழ 150 புஷ்பக்குகள் கட்டப்பட்டு நாடெங்கும் உள்ள 'பிளையிங் கிளப்'களுக்கு வழங்கப்பட்டன. ஒரு தலைமுறை இந்திய விமானிகள் பறக்கக் கற்றது இவற்றில்தான். இன்று அவற்றில் பெரும்பாலானவை பறப்பதை நிறுத்திவிட்டன.

பழைய சிறுவிமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பது கோடீசுவரர்களுக்கு மட்டுமே ஆகக்கூடியது என்று எண்ணுகிறோம். அமெரிக்காவில் 1940-களில் செய்யப்பட்ட இருவர் அமரும் ஏரோன்கா விமானம், நம் நகரங்களில் ஓடும் வெளிநாட்டு உயர்ரகக் கார்களைவிடக் குறைந்த விலைக்குக் கைமாறுகிறது. இந்த வகையைப் பின்பற்றித்தான் நம் புஷ்பக்கும் உருவானது. அதன் எந்திரம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 20 லிட்டர் எரிபொருளே செலவிடும். தனியார் விமானி உரிமம் பெற 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வாங்குவதோ, கற்பதோ பெரிய தடையன்று. வைத்துக் காப்பதே தடை.

முதலாவது, எரிபொருள். ஜெட் விமானங்கள் பயன்படுத்துவது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருள். அதைச் சிறுவிமானத்தின் பிஸ்டன் எந்திரத்தில் ஊற்ற முடியாது. அதற்கு 'ஏவ்கேஸ்' எனப்படும் தனி வகைப் பெட்ரோல் வேண்டும். இதை நெடுங்காலம் இறக்குமதி செய்துவந்தோம். இந்தியன் ஆயில் நிறுவனம் வடோதராவில் உள்ள தன் சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்து 2022-இல்தான் அறிமுகப்படுத்தியது. இந்த ஒரு முட்டுக்கட்டை ஓரளவு விலகியிருப்பது நல்ல செய்தி.

இரண்டாவது, நிறுத்துமிடம். துணியும் மரமும் வெட்டவெளியில் நிற்க முடியாதவை. பருவமழையின் ஈரம் பழைய மரச் சிறகுகளின் பசையை இளக்கிவிடும். எலிகள் சிறகுக்குள் கூடு கட்டும். கூரையிட்ட கொட்டகையும் சிறிய ஓடுபாதையும் இல்லாத ஊரில் இத்தகைய விமானம் சில மழைக்காலங்களைத் தாண்டாது.

மூன்றாவது தடைதான் மற்ற இரண்டையும்விடப் பெரிது. அது கைத்திறன் படைத்த மனிதர்கள் குறைந்துவருவது. எந்த விமானமும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பறக்கும் தகுதிச் சான்று இல்லாமல் பறக்கக் கூடாது. உரிமம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையொப்பமிட்டால்தான் அச்சான்று உயிரோடிருக்கும். இது தேவையான கட்டுப்பாடே. ஆனால், விலாச் சட்டத்தில் தையலிடவும், டோப் பூச்சின் பதமறியவும், மரச்சட்டத்தின் பசை விட்டுப்போயிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தே சொல்லவும் தெரிந்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அந்த வேலையே நடக்காத நாட்டில் அடுத்தவருக்கு அதைக் கற்றுக்கொடுப்பது எங்ஙனம்?

இதன் விளைவை நம் விமானப் படையே சந்திக்க நேர்ந்தது. தன் பாரம்பரிய விமான அணிக்காகப் பழைய 'டைகர் மாத்' ஒன்றை மீண்டும் பறக்கவைக்க விரும்பியபோது, அதைப் பிரிட்டனில்தான் சீரமைக்க வேண்டியிருந்தது. 2012-இல் ஹிண்டன் தளத்தில் நடைபெற்ற விமானப் படை நாள் விழாவில் அது பறந்தபோது நாடே மகிழ்ந்தது. 2018-இல் வந்து சேர்ந்த டகோட்டா விமானமும் பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டதே. விண்கலங்களை நிலவுக்கு அனுப்பும் நாட்டில், மரமும் துணியும் கொண்ட சிறகைச் செப்பனிட ஆளில்லாமல் போவது சிந்திக்கத்தக்கது.

பிற நாடுகள் இதை எவ்வாறு கையாள்கின்றன? பிரிட்டனில் 1946-இல் தோன்றிய இலகுவிமான உரிமையாளர் அமைப்பு, இன்று இலகுவிமானச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. சிறிய, பழைய விமானங்களைச் சோதித்துப் பறக்கும் அனுமதிக்குப் பரிந்துரைக்கும் பொறுப்பை அந்நாட்டு விமானத் துறை இச்சங்கத்திடம் ஒப்படைத்துள்ளது. சங்கம் நியமித்த ஆய்வாளர்கள் கொட்டகை கொட்டகையாகச் சென்று பார்க்கிறார்கள். உரிமையாளர் அவர்கள் கண்காணிப்பில் தாமே வேலை செய்கிறார். அதனால் செலவும் குறைகிறது, திறனும் பரவுகிறது.

அமெரிக்க விதிகள் இன்னும் நுணுக்கமானவை. விமானி உரிமம் உள்ள உரிமையாளர் தம் தனிப்பட்ட விமானத்தில் எவ்வெவ் வேலைகளைத் தாமே செய்யலாம் என்பதற்கு அங்கே பட்டியலே உண்டு. சக்கர டயர் மாற்றுவது போன்ற சிறு வேலைகளோடு, சிறகுத் துணியில் எளிய ஒட்டுப் போடுவதும் அதில் இருக்கிறது. ஆனால், விலாத் தையல் தேவைப்படும் அளவுக்குக் கிழிசல் பெரிதென்றால் உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும். எது உரிமையாளரின் ஊசிக்கு உரியது, எது பொறியாளரின் ஊசிக்கு உரியது என்று சட்டமே கோடு போட்டுக் காட்டுகிறது. கட்டுப்பாட்டைத் தளர்த்தாமல் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழி இதுவே.

"ஏழை நாட்டில் இந்தப் பணக்காரப் பொழுதுபோக்கு எதற்கு?" என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. அரசு இதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வழியைத் தெளிவாக்கினால் போதும். பாதுகாப்பு குறித்த அச்சமும் நியாயமானதே. பகலில் மட்டும், மக்கள் நெருக்கமில்லாத வான்பரப்பில், வாடகைக்கு ஆளேற்றாமல் பறக்க வேண்டும் என்று வரையறுத்தால், அபாயம் பெரும்பாலும் தெரிந்தே ஏற்றுக்கொண்ட விமானியோடு நின்றுவிடும்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 50 ஆண்டுகளைக் கடந்த பழங்கால வாகனங்களைப் பதிவு செய்வதற்காக 2021-இல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. அவற்றுக்கு 'விஏ' என்னும் தனி எழுத்துகள் கொண்ட எண்பலகை வழங்கப்படுகிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கும் வணிகத்துக்கும் அவற்றை ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு ஆகியவற்றுக்காக ஓட்டலாம். பழைய காரைப் பாரம்பரியமாக மதிக்கும் சட்டம், அதைவிட அரிதான பழைய விமானத்தையும் அவ்வாறே மதிப்பதில் தவறென்ன?

1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்கீழ் விதிகள் வகுக்கப்படும்போது மூன்று செய்திகளைக் கருத்தில் கொள்ளலாம். பழைய சிறுவிமானங்களின் உரிமையாளர்களும் பொறியாளர்களும் இணைந்த சங்கம் ஒன்றுக்கு, இயக்குநரகத்தின் மேற்பார்வையில் ஆய்வுப் பொறுப்பை அளிக்கலாம். உரிமையாளர் தாமே செய்யத்தக்க வேலைகளைப் பட்டியலிட்டுத் தரலாம். துணி, மரம் ஆகியவற்றில் மட்டும் தேர்ச்சி பெறுவோருக்குத் தனி உரிமம் வழங்கலாம்.

இந்த மூன்றாவது யோசனைதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. ஊசியும் நூலும் எங்கள் பகுதிக்குப் புதியவை அல்ல. இழையை எண்ணவும், துணியின் வலிமையைச் சோதிக்கவும், தையலின் தரம் காணவும் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இங்கே உண்டு. நைட்டி ஒன்றுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பெறும் இளைஞர்களிலும் பெண்களிலும் சிலரையேனும் இத்தொழிலுக்குப் பயிற்றுவிக்க முடியும். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஓராண்டுப் பாடமாகத் தொடங்கினால், முதிய பொறியாளர்கள் இருக்கும்போதே அவர்கள் கைப்பழக்கம் அடுத்த கைகளுக்கு வந்து சேரும். பழைய விமானங்களுக்கு மட்டுமன்றி, துணிச் சிறகு கொண்ட இன்றைய இலகுவிமானங்களுக்கும் அத்திறன் பயன்படும்.

1982 அக்டோபர் 15 அன்று, தம் முதல் அஞ்சல் பறத்தலின் பொன்விழாவில், 78 வயதான ஜே.ஆர்.டி. டாடா 'லெப்பர்டு மாத்' என்னும் பழைய சிறுவிமானத்தில் கராச்சியிலிருந்து மும்பைக்குத் தனியே பறந்தார். ஐம்பது ஆண்டுகளாக எவரெவரோ அந்த விமான வகையைப் பேணிக் காத்திருந்ததால்தான் அந்தப் பயணம் கைகூடியது. பறந்தவரின் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. தைத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. நூறாவது ஆண்டான 2032-இல் யாரேனும் அந்த வழியில் மீண்டும் பறக்க விரும்பினால், சிறகைத் தைக்க இந்நாட்டில் ஆளிருக்க வேண்டும். அதற்கான பயிற்சியை இப்போதே தொடங்கினால்தான் அது நடக்கும்.