வால் தூக்கிய கார்

ஒரு பழைய காரின் பின்னால் நின்று அதன் பின் சக்கரங்கள் இரண்டையும் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலான கார்களில் அவை தரைக்குச் செங்குத்தாக நிற்கும். ஆனால் என் நண்பர் ஒருவர் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் அப்படி இல்லை. சக்கரங்களின் மேல்பாகம் வெளியே சாய்ந்தும், அடிப்பாகம் உள்ளே மடங்கியும் இருந்தன. வண்டியின் வால் சற்றே தூக்கியிருந்தது. "பின்னால் கம்பீரமாக நிற்கிறது பார்த்தாயா?" என்றார் நண்பர். மறுவாரம் ஈரச் சாலையில் ஒரு வளைவில் அந்தக் கம்பீரமான வால் வழுக்கி, வண்டி அரைவட்டம் அடித்து நின்றது. எதிரே லாரி எதுவும் வராததால் இன்று இந்தக் கட்டுரையைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். மேல்கூட்டை வரைந்தவர் இத்தாலியர் மிச்செலோட்டி. 1961 முதல் அன்றைய மதராஸிலும் இது தயாரிக்கப்பட்டது. மேல்கூடும் அடிச்சட்டமும் ஒன்றாக வார்த்ததுபோல் வரும் கார்கள் பெருகிவந்த காலத்தில், இதற்கு மட்டும் தனி இரும்புச் சட்டம் உண்டு. மேல்கூட்டைப் போல்டுகளைக் கழற்றித் துண்டு துண்டாக எடுத்துவிடலாம். பழைய வண்டியைப் புதுப்பிப்பவருக்கு இது பெரிய வசதி.

பட்டறையில் மேல்கூட்டை எடுத்ததும் முதல் அதிர்ச்சி. பின்சட்டத்தின் அடிப்பக்கத்தைத் துரு தின்றிருந்தது. நான்கு பக்கமும் மூடிய பெட்டிபோன்ற சட்டத்தில் ஒரு பக்கம் போனால் நாலில் ஒரு பங்கு வலுதானே குறையும் என்று நினைப்பீர்கள். வீட்டில் ஒரு செருப்புப் பெட்டியை எடுங்கள். மூடியை நாற்புறமும் பசைத்தாள் கொண்டு ஒட்டிவிட்டு இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். அசைய மறுக்கும். மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் துணிபோல் நெளியும். 20 மில்லிமீட்டர் ஆரமும் 1 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஓர் இரும்புக் குழாயை நீளவாக்கில் ஒரே கோடாக அறுத்துவிட்டால், முறுக்குக்கு அது காட்டும் விறைப்பு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். இரும்பின் எடையோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்! ஆகவே துரு எவ்வளவு இரும்பைத் தின்றது என்பதைவிட, எந்த இடத்தைத் திறந்துவிட்டது என்பதே முக்கியம்.

பின்சட்டத்தை அறுத்துப் புதிய தகடு பற்றவைக்கும்போது, சட்டம் கோணாமல் இருக்கக் குறுக்கே இரும்புக் கோணங்களை முதலில் தற்காலிகமாகப் பற்றவைத்தார் மேஸ்திரி. பிறகு சட்டத்தின் நான்கு போல்டுத் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் சாக்கட்டியால் நான்கு புள்ளிகள் வைத்தார். குறுக்காக இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்தார். எதிர்ப்பக்கங்கள் சமமாயிருந்து மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம். எட்டாம் வகுப்பு வடிவியல் கிரீஸ் படிந்த தரையில் கிடந்ததைப் பார்த்து எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

இனி அந்த வாலுக்கு வருவோம். ஹெரால்டின் பின்புறம் இடமிருந்து வலமாகக் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் உண்டு. அதன் நடுப்பகுதி சட்டத்தோடு பொருத்திய பல்சக்கரப் பெட்டியின்மேல் இறுகியிருக்கும். பெட்டியிலிருந்து இருபுறமும் அரை அச்சுகள் செல்கின்றன. ஒவ்வோர் அரை அச்சும் பெட்டியருகே உள்ள மூட்டில், பறவையின் சிறகுபோல மேலும் கீழும் ஆடும். சக்கரம் தன் அச்சுக்கு எப்போதும் செங்குத்து. எனவே அச்சு சாய்ந்தால் சக்கரமும் சாயும். அச்சின் நீளம் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வால் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் சக்கரம் ஏறத்தாழ 6 பாகை சாயும்.

சாய்ந்தால் என்ன கெடுதல்? இரண்டு பென்சில்களைத் தலைகீழான 'வ' போலல்ல, கூடாரம்போல முனையோடு முனை சாய்த்து மேசைமேல் நிறுத்துங்கள். இப்போது ஒரு பென்சிலின் அடியை உள்நோக்கித் தள்ளுங்கள். உச்சி மேலே எழும்புகிறது அல்லவா? வளைவில் திரும்பும்போது தரை, டயர்களை வளைவின் மையத்தை நோக்கித் தள்ளுகிறது. அதுதான் நீங்கள் படித்த மையநோக்கு விசை. வெளிப்பக்கச் சக்கரத்துக்கு அது உள்நோக்கிய தள்ளல்; வாலைத் தூக்கும். உட்பக்கச் சக்கரத்துக்கு அதே விசை வெளிநோக்கியது, வாலை இறக்கும். ஆனால் வளைவில் பாரம் வெளிப்பக்கம் சாய்வதால் அந்தப் பக்கத்து விசையே பெரிது. ஆகவே வால் எழும்புகிறது, எழும்பியதால் சக்கரம் மேலும் மடங்குகிறது, மடங்கியதால் மேலும் எழும்புகிறது. கடைசியில் டயர் தன் ஓரத்தில் நிற்கும், பிடி போய்விடும். ஓட்டுநர் பயந்து பிரேக்கை மிதித்தால் பாரம் முன்னே சாய்ந்து வால் இன்னும் தூக்கும். அமெரிக்காவில் கார்வேர் என்ற காரின் இதேபோன்ற பின்னச்சைப் பற்றித்தான் ரால்ப் நாடர் 1965-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். பெரும் விவாதம் எழுந்தது.

நண்பரின் வண்டியில் இந்த வால் எப்படித் தூக்கியது? பட்டைகளை எண்ணியபோது புதிதாக ஒன்று கூடுதலாக இருந்தது! பாரம் தாங்கட்டும் என்று முன்னொரு காலத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு சேர்த்திருக்கிறார்கள். மாட்டுவண்டிக்குச் சரியான யோசனை, ஹெரால்டுக்கு ஆபத்தானது.

தயாரிப்பாளர்களும் இந்தக் குறையை அறிந்தவர்களே. இங்கிலாந்தில் 1970-இல் வந்த ஸ்பிட்பயர் காரில், ஒரு பட்டையை மட்டும் இறுக்கி, மற்றப் பட்டைகள் நடுவில் சற்றே ஊசலாடும்படி விட்டார்கள். வண்டி பக்கவாட்டில் சாயும்போது பின்ஸ்பிரிங் அதிகம் எதிர்க்காது; வாலைத் தூக்கும் விசையும் குறையும். சென்னையில் 1972-இல் வந்த கெசல் காரிலோ சிறகு அச்சையே விட்டுவிட்டு ஒரே நீள அச்சைப் பொருத்தினார்கள். நண்பர் இரண்டையும் யோசித்தார். "பழைய வண்டி பழைய வண்டியாகவே இருக்கட்டும், ஆனால் சரியான உயரத்தில் இருக்கட்டும்" என்பது அவர் முடிவு. எனக்கு ஊசலாடும் ஸ்பிரிங்மேல் ஆசை. பணம் அவருடையது.

ஸ்பிரிங்கைக் கழற்றுவது விளையாட்டல்ல. 1500 நியூட்டன் விசையில் 10 சென்டிமீட்டர் வளைந்த ஸ்பிரிங்கில் 75 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. எட்டு கிலோ குண்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் போட்டால் எப்படியோ அப்படி. அதனால் சக்கரத்தின் அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக் அப்சார்பரைக் கழற்றி, மெல்ல மெல்ல இறக்கினார் மேஸ்திரி.

அந்த 10 சென்டிமீட்டரிலிருந்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐ 0.1 மீட்டரால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 6.28-ஆல் வகுங்கள். வண்டி நொடிக்குச் சுமார் 1.6 முறை குதிக்கும் என்று வரும். நாம் நடக்கும்போது உடல் குலுங்கும் வேகமும் ஏறத்தாழ இதுவே. ஆகவே நமக்கு அது உறுத்துவதில்லை.

புதிய ஸ்பிரிங், புதிய ரப்பர் புஷ்கள் எல்லாம் ஏறின. ஆனால் புஷ் போல்டுகளை மேஸ்திரி இறுக்கவில்லை. விரலால் திருகியதோடு விட்டுவிட்டார். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் ஏறிய பிறகுதான் இறுக்கவேண்டுமாம். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஆயுள் முழுவதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

கடைசியாகச் சக்கரத்தின் பக்கத்தில் தூக்குக்குண்டைப் பிடித்தோம். வண்டி காலியாக இருந்தபோது சாய்வு கண்ணுக்குத் தெரியவில்லை. என் வகுப்பு மாணவர்கள் மூவர் பின்னிருக்கையில் ஏறியதும் சக்கரங்களின் மேல்பாகம் ஒரு விரற்கடை உள்ளே சாய்ந்தது. புதிய ஸ்பிரிங் சில வாரங்களில் இன்னும் சற்றுப் படியும் என்கிறார் மேஸ்திரி. அடுத்த மாதம் மறுபடி அளக்கவேண்டும். மாணவர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள்.