காலதரும் கூரையும்

சன்னல் என்னும் சொல் போர்த்துக்கேயர் நமக்குத் தந்தது. அவர் வருமுன் நம் வீடுகள் இருளடைந்து கிடக்கவில்லை. சாளரம், பலகணி, காலதர் என அதற்குப் பல பெயர்கள் நம்மிடம் இருந்தன. அவற்றுள் காலதர் என்பதே எனக்கு மிக உவப்பானது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று நடந்து வருவதற்கென அமைத்த பாதை என்று பொருளை அச்சொல்லே கூறிவிடுகின்றது. சிலப்பதிகாரம் வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என இருவகைத் துயிலிடங்களைச் சுட்டும். பருவத்துக்கேற்ப மனையினுள்ளேயே இடம் மாறித் துயின்றோரின் மொழியை முப்பதாண்டுகளாக ஓதுவித்து வரும் யான், என் சொந்த வீட்டைக் கட்டும்போது அவற்றையெல்லாம் மறந்தேன்.

மதுரங்குளியிற் சோழகக் காற்று வீசும் மாதங்களில் மணலும் வெப்பமும் சேர்ந்து வரும். சித்திரையிலோ ஓலை அசையாது. என் தந்தையார் காலத்து வீடு வரிச்சு மண்சுவரும் கிடுகுக் கூரையும் உடையது. தாழ்வாரம் தாழ்ந்து நிற்பதால் எவரும் தலைகுனிந்தே உட்புக வேண்டும். அதனை வறுமையின் அடையாளமெனக் கருதி, சீமெந்துச் சுவரெழுப்பி, அஸ்பெஸ்தோஸ் தகடு வேய்ந்தேன். மேற்குப் புறத்து விறாந்தையையும் அடைத்து அறையாக்கினேன். பணம் போதாமையால் குசினி மட்டும் பழைய கிடுகோடு நின்றது.

2022 மார்ச்சு மாத முடிவில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. மின்விசிறி நின்ற முதல் இரவே, எண்பதைக் கடந்த என் தாயார் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குட் போய்ப் படுத்துவிட்டார். "உன்ரை வீடு அடுப்புப் போலக் கிடக்குது தம்பி, அடுப்படிதான் வீடு போலக் கிடக்குது" என்றார். இரண்டாம் நாள் நாங்கள் எல்லோரும் அவர் பின்னே போனோம்.

காரணம் எளியது. மெல்லிய தகடு வெயிலில் விரைந்து சூடேறி, அவ்வெப்பத்தை நேரே கீழே வீசும். நிழலற்ற மேற்குச் சுவரோ பகல் முழுதும் வெப்பத்தை உண்டு, பொழுதுபட்ட பின் அதனை அறையினுள்ளே உமிழும். கிடுகு அடுக்குகளுக்கிடையிற் காற்றுத் தங்கி நிற்பதால் வெப்பம் எளிதில் இறங்குவதில்லை.

சூரியத் தகடு பொருத்தினால் எல்லாம் தீருமே என்று என் மாணவர் கேட்பதுண்டு. அது வேண்டாமென்பது என் கருத்தன்று. ஆயினும் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைகளிற் சூரியத் தகடு பொருத்தியோரைப் பகல்வேளையில் அவற்றை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டதை நினைவிற் கொள்க. ஆலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்க, பகலில் மின்சாரம் மிஞ்சியது. நம் நாட்டிலே மின்சாரத்துக்கு மிகுந்த தேவை எழுவது பொழுதுபட்ட பின், ஏறத்தாழ ஆறரை மணி முதற் பத்தரை மணி வரை. அப்போது சூரியன் இல்லை. எம்மூருக்கு வடமேற்கே, கற்பிட்டிக் குடாநாட்டு நுரைச்சோலையில் உள்ள நிலக்கரி மின்நிலையம் அவ்வேளையிலும் எரிந்தாக வேண்டும். 2011இல் தொடங்கி 2014இல் நிறைவெய்திய அதன் மூன்று பிரிவுகளும் 900 மெகாவாற்று ஆற்றல் உடையன; எரியும் கரியோ கப்பலேறி அயல்நாட்டிலிருந்து வருவது. பகலில் என் மேற்குச் சுவர் உண்ட வெப்பத்தை இரவில் மின்விசிறி கொண்டு துரத்துவதற்கு அக்கரி எரிகின்றது! வீடு தானே குளிர்ந்திருந்தால் அத்தேவை பாதியும் எழாது.

கற்றோர் இதனை அறியாதவரல்லர். ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்திற் கொழும்பில் ஈனா டி சில்வாவுக்கென எடுத்த மனை நடுமுற்றத்தைச் சூழ அமைந்தது. நாற்சார் வீட்டிற் பிறந்த யாழ்ப்பாணத்தார்க்கு அது புதுமையன்று. கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுச் சுவரெழுப்பும் முறையைப் பரப்பினார். கல்லும் மிச்சம், உள்ளே நின்ற காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

யான் செய்தது அவ்வளவு பெரிதன்று. தகட்டைக் கழற்ற முற்படவில்லை. அஸ்பெஸ்தோசை உடைத்தாலும் அறுத்தாலும் எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆதலின் அதன்மேலேயே கிடுகு பரப்பிக் கயிற்றாற் கட்டினோம். முகட்டின் இருபுறச் சுவரிலும் மேலேறிய வெப்பக் காற்று வெளியேறத் துளை விட்டோம். அடைத்த விறாந்தையை மீண்டும் திறந்தோம். குசினியில் மூன்று கல் அடுப்பை நீக்கி, இருவாய் கொண்ட அனகி மண்ணடுப்பை வைத்தோம். விறகு குறைந்ததில் மனைவிக்கு மகிழ்ச்சி. புகை குறைந்ததில் தாயாருக்கு மகிழ்ச்சி. மின்விசிறி இன்னும் சுழல்கிறது, ஆனால் விடியும்வரை அன்று.

கிடுகுக்குக் குறையில்லை எனல் பொய். தீக்கு அஞ்ச வேண்டும். கறையானுக்கும் அஞ்ச வேண்டும். ஈராண்டுக்கொருமுறையேனும் புதிது வேய வேண்டும். தென்னை சூழ்ந்த ஊரில் ஓலைக்குப் பஞ்சமில்லை. பின்னும் கைகளுக்கே பஞ்சம். எம் தெருவில் விரைந்து பின்னத் தெரிந்தவர் இருவரே, இருவரும் முதியோர். வாடைமழைக்கு முன் கூரையை மாற்ற வேண்டும். இரண்டாகக் கிழித்த ஓலைகள் இப்போது வளவுக் குளத்தில் ஊறுகின்றன. பதினொராம் வகுப்பு மாணவியர் மூவர் சனிக்கிழமை பின்னப் பழக வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். தாயார் அவர்களுக்கென ஒரு பாயை இப்போதே விரித்து வைத்துவிட்டார்.