மணல் வரும் வழியை மறிக்காதீர்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் எந்த ஒழுங்கையில் போனாலும் முதலில் மரைன் டிரைவ் வரும். அதைத் தாண்டினால் ரயில் பாதை, பிறகு கருங்கல் குவியல், அதன் பிறகு கடல். மணல் ஆங்காங்கே ஒரு துண்டுதான். மாலையில் காற்று வாங்க வரும் குடும்பங்கள் கற்களின் மேல்தான் உட்காருகின்றன. தெற்கே கல்கிசையில் உல்லாசப் பயணிகளுக்காக மணல் விரிந்து கிடக்கிறது. சோளகம் தொடங்கினால் அதுவும் ஒடுங்கிவிடும்.

ஒடுங்குவது இயற்கைதான். மே முதல் செப்டெம்பர் வரை எழும் பெரிய அலைகள் கரை மணலை வாரிக்கொண்டுபோய்ச் சற்று வெளியே திட்டாகக் குவிக்கின்றன. பின்னால் வரும் அலைகள் அந்தத் திட்டில் உடைந்து வலுவிழக்கின்றன. காற்று அடங்கிய மாதங்களில் சிற்றலைகள் அதே மணலைத் திரும்பக் கரையேற்றுகின்றன. இப்படிப் போய்வர மணலுக்கு இடம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கடலோரமாகப் போட்ட ரயில் பாதை வெள்ளவத்தையில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. பாதையைக் காக்கக் கல் கொட்டினார்கள். சரிந்து கிடக்கும் மணலில் ஏறும் அலை மெல்ல ஓய்ந்துவிடும். கல்லில் மோதும் அலையோ எதிர்த்துத் திரும்பி, கல்லின் அடியிலுள்ள மணலையும் பறித்துக்கொண்டு போகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம், மட்டக்குளி வழியாகக் காக்கைதீவுப் பக்கம் போனால் களனி கங்கை கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்கலாம். மலைநாட்டுப் பாறைகள் தேய்ந்து மணலாகி இவ்வழியே கடலுக்கு வருகின்றன. நீரோட்டம் அதை வடக்கே நீர்கொழும்பு நோக்கி நகர்த்துகிறது. கட்டட வேலைக்காகப் பல பத்தாண்டுகள் ஆற்றில் மணல் அள்ளினோம். படுக்கை தாழ்ந்தது, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை வரை உவர்நீர் ஏறியது, அதை மறிக்க ஆற்றின் குறுக்கே தடுப்பு போட வேண்டியதாயிற்று. கடலுக்குப் போகும் மணலும் குறைந்தது. வடக்கே உஸ்வெட்டகெய்யாவவில் தென்னை சாயும்போது கடலைத் திட்டுகிறோம். அந்தக் குற்றத்தில் பாதி ஆற்றுக்குள் நடந்தது.

மணலைக் காக்கும் இன்னொன்று நீருக்கடியில் இருக்கிறது. முருகைக்கற் பார்கள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 வீதத்தை உறிஞ்சிவிடுகின்றன என்று, உலகெங்கும் நடந்த அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. இதன் கொடூரமான சாட்சி நம் நாட்டிலேயே உண்டு. 2004 ஆழிப்பேரலை, பார் எஞ்சியிருந்த ஹிக்கடுவவில் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் வந்து சுமார் 50 மீட்டர் உள்ளேயே நின்றது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரலியவில் அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் எழுந்து 1.5 கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. அங்கே நின்ற ஒரு ரயிலையும் புரட்டிப் போட்டது. பெரலியவில் முருகைக்கல்லை வெட்டியெடுத்திருந்தார்கள் என்று ஹரிந்திர பெர்னாண்டோ முதலிய ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். கரையோரப் பேணல் சட்டம் 1981இலேயே வந்துவிட்டது. முருகைக்கல்லைச் சுடும் சுண்ணாம்புச் சூளைகள் அதற்குப் பிறகும் புகைந்தன. ஹிக்கடுவவின் பாரிலும் உயிருள்ள முருகைகள் 1998இல் கடல் சூடேறியதில் வெளிறிப் பெருமளவு மாண்டன. அதனால் மிச்சமிருப்பதைக் காப்பது இன்னும் அவசரம்.

வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து கொட்டுவதும் ஒரு வழி. 2020இல் கல்கிசை, களுத்துறை, இரத்மலானைக் கரைகளுக்கு 890 மில்லியன் ரூபாய்த் திட்டத்தில் கடலடி மணல் இறைக்கப்பட்டது. கல்கிசையில் அது சில வாரங்களிலேயே கரையத் தொடங்கியபோது ஊரே கொதித்தது. கொட்டிய மணல் நகர்வது மட்டும் தோல்வி ஆகாது. நெதர்லாந்தில் 2011இல் 215 இலட்சம் கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் குவித்து, கரை நெடுகப் பரப்பும் வேலையைக் காற்றுக்கும் அலைக்கும் விட்டார்கள். ஆனால் சோளகம் தொடங்கும் வேளையில் இறைத்தது தவறு என்பதே என் கருத்து. அமைதியான மாதங்களில் கொட்டியிருந்தால் கரை படிவதற்கு அவகாசம் கிடைத்திருக்கும்.

காய்ந்த மணலைப் பிடித்து வைப்பது செடிகளின் வேலை. அடம்பன் கொடியைக் குனிந்து பாருங்கள். மணல்மேல் ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடுகிறது. காற்று கொண்டுவரும் மணல் இலைகளில் தடுக்கிக் கொடியின் மேல் படிகிறது. கொடி அதற்கு மேலே ஏறி மறுபடி வேர்விடுகிறது. முள்முள்ளாக நிற்கும் இராவணன் மீசைப் புல்லும், பின்னால் நிற்கும் தாழையும் சேர்ந்தால் சில பருவங்களில் மேடு எழும்பும். அந்த மேடு கரையின் சேமிப்புக் கணக்கு. புயல் நாளில் அலை அதிலிருந்துதான் எடுக்கும், பின்னால் நிற்கும் கட்டடத்தைத் தொடாது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை.

யால பக்கம் ஒரு விடுதி, கடல் தெரியட்டும் என்று முன்னாலிருந்த மணல்மேட்டில் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. 2004இல் அலை அங்கே புகுந்து விடுதியை அழித்தது. பக்கத்தில் மேடு இருந்த இடங்கள் தப்பின.

வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் அலைக்கும் நடுவே கொடி படர இடமில்லை. அங்கே கல்லை எடு என்று யாரும் சொல்ல முடியாது. இடம் இருக்கும் கரைகளில் அதே பிழையைச் செய்யாதிருக்கலாம். கல்கிசையிலும் ஹிக்கடுவவிலும் விடுதி நடத்துகிறவர்கள், 'துப்புரவு' என்ற பெயரில் அடம்பன் கொடியைப் பிடுங்குவதை இந்தப் பருவத்திலேயே நிறுத்த வேண்டும். கடலைப் பார்க்க மரப்பலகையில் ஒரு நடைபாதை போதும். கரையோரம் பேணல் திணைக்களம் இதை விடுதி அனுமதிப் பத்திரத்தில் நிபந்தனையாகவே எழுத வேண்டும்.